ஜன்னலும் அயலாரும்

அடுத்த வீட்டுக்காரர் நம் முற்றத்தைப் பார்த்தாற்போல் புதிதாக ஒரு ஜன்னல் வைக்கிறார். அதைத் தடுக்க நமக்கு உரிமை உண்டா? கேட்பதற்கு இது திண்ணைப் பேச்சில் எழும் கேள்விபோலத் தோன்றுகிறது. ஆனால் நம் நாட்டு உயர்நீதிமன்றங்கள் நூறாண்டுக்கும் மேலாக இந்தக் கேள்வியை வெகு கவனத்தோடு ஆராய்ந்து வந்திருக்கின்றன. 1882ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற இந்திய வசதியுரிமைச் சட்டத்தின் 18ஆம் பிரிவிலேயே இதற்கு ஓர் உதாரணம் காணக் கிடைக்கிறது. அயல் வீட்டாரின் மறைவைக் குலைக்கும் வகையில் எவரும் புது ஜன்னல் திறக்கலாகாது என்ற வழக்கம் ஒரு நகரத்தில் இருக்குமானால், அங்கே அடுத்தடுத்து வீடு கட்டிக்கொண்ட இருவரும் அந்த வழக்கத்துக்குக் கட்டுப்பட்டவர்கள். பொதுவாகப் பிறர் கண்ணில் படாத பகுதிகளை நோக்கி ஒருவரும் ஜன்னல் வைக்கக்கூடாது என்பது அதன் சாரம். சட்டம் இயற்றியவர்கள் எத்தனையோ உதாரணங்களை எண்ணியிருக்கலாம். ஜன்னலும் அவர்கள் நினைவுக்கு வந்திருக்கிறது. அந்நாளிலேயே அது எவ்வளவு பெரிய சச்சரவாக இருந்திருக்க வேண்டும் என்று நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

1888இல் அலகாபாத் உயர்நீதிமன்றத்தின் முன் இத்தகைய வழக்கு ஒன்று வந்தது. பக்கத்தில் எழும்பிய புதிய வீட்டின் தாழ்வாரமும் கதவுகளும், தம் வீட்டுப் பெண்டிர் புழங்கும் இடத்தைப் பார்த்தாற்போல் அமைந்துவிட்டன என்பது வழக்காடியவரின் குறை. அன்று வடமேற்கு மாகாணங்கள் எனப் பெயர் பெற்றிருந்த அந்தப் பகுதியில் இப்படிப்பட்ட மறைவுரிமை வழக்கத்தால் நிலைபெற்றிருக்கிறது என்று நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. குஜராத்துப் பகுதியிலும் அவ்வாறே ஒப்புக்கொள்ளப்பட்டது. சென்னை மாகாணத்திலோ நீதிபதிகள் அதை ஏற்கவில்லை. பார்வை படுவது பிடிக்கவில்லையானால் உன் நிலத்தில் நீயே சுவர் எழுப்பிக்கொள் என்பது ஆங்கில நாட்டுப் பொதுச் சட்டத்தின் போக்கு. அதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. இருபது ஆண்டுக் காலம் இடையூறின்றி உரிமையாக ஒரு ஜன்னலின் வழியே வெளிச்சமும் காற்றும் பெற்றுவிட்டவரின் ஜன்னலைப் பிறகு அடைத்துவிட முடியாது. ஆகவே சுவர் எழுப்ப எண்ணுகிறவர் கோபம் ஆறுவதற்குள் எழுப்பிவிடுவது நல்லது!

ஒரே நாடு, ஒரே ஜன்னல். ஆயினும் கங்கைக் கரையில் ஒரு நியாயம், காவிரிக் கரையில் ஒரு நியாயம். வடக்கே பர்தா வழக்கம் பரவியிருந்தது இதற்கு ஒரு காரணம் என்பது தெளிவு. இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். அந்தத் தீர்ப்புகள் காப்பாற்றியது வீட்டின் கௌரவத்தை. உள்ளே இருந்த பெண்மணி எதைக் காட்ட விரும்பினாள், எதை மறைக்க விரும்பினாள் என்று ஒருவரும் கேட்டதாகத் தெரியவில்லை. அவளுக்கும் வெளியே பார்க்கும் ஆசை இருந்திருக்கும் அல்லவா? ஜயப்பூரில் 1799இல் சவாய் பிரதாப் சிங் கட்டிய ஹவா மஹாலை நேயர்களுள் பலர் பார்த்திருப்பீர்கள். 900க்கும் மேற்பட்ட சிறு ஜன்னல்கள். எல்லாவற்றிலும் சல்லடைபோன்ற வேலைப்பாடு. அரண்மனைப் பெண்டிர் தாம் பிறர் கண்ணில் படாமல் வீதியின் ஊர்வலத்தையும் சந்தையையும் பார்ப்பதற்கென்றே எழுந்த மாளிகை அது. அயலாரை எட்டிப் பார்க்கும் ஆவலுக்கு இவ்வளவு அழகான நினைவுச் சின்னம் உலகில் வேறெங்கும் உண்டா என்பது சந்தேகமே.

டில்லி வீடுகளின் வாசலில் இன்றும் அதன் ஏழைத் தங்கையைப் பார்க்கலாம். மரக்கதவுக்கு வெளியே கம்பி வலை அடித்த இரண்டாம் கதவு ஒன்று இருக்கும். இங்கே அதை ஜாலிக் கதவு என்பார்கள். கொசுவுக்காக ஏற்பட்டது என்று சொல்லிக்கொண்டாலும் அதன் உண்மையான பயன் வேறு. பகலில் வெளியே வெளிச்சமும் உள்ளே நிழலும் இருப்பதால் உள்ளே இருப்பவருக்கு வெளியே நிற்பவர் நன்றாகத் தெரிவார். வெளியே நிற்பவருக்கு உள்ளே ஒன்றும் தெரியாது. மாலையில் விளக்கை ஏற்றியதும் இந்த ஏற்பாடு தலைகீழாகிவிடும். உள்ளே உண்பது, உடுப்பது, சண்டையிடுவது எல்லாம் படியேறிப் போகிறவர்களுக்குக் காட்சியாகிவிடும். ஆகவே விளக்கேற்றும் நேரத்தில் மரக்கதவைச் சாத்த வேண்டும் என்பதைப் புதிதாகக் குடிவந்தவர்கள் ஒரு வாரத்தில் தாமே கற்றுக்கொள்வார்கள்.

மத்திய அரசாங்க அலுவலர்களுக்கான குடியிருப்புகளில் வாழ்கிறவர்களுக்கு மற்றவர்களுக்கில்லாத ஒரு தொல்லையும் உண்டு; ஒரு வசதி என்றும் அதைச் சொல்லலாம். இங்கே வீடுகள் முதல் வகை, இரண்டாம் வகை என்று வகுக்கப்பட்டிருக்கின்றன. எந்தச் சம்பள நிலைக்கு எந்த வகை வீடு என்பது விதிகளில் எழுதியிருக்கிறது. ஆகவே அயலார் உங்களிடம் சம்பளம் என்னவென்று கேட்க வேண்டியதே இல்லை. உங்கள் வாசலைப் பார்த்தாலே போதும். வாசலில் தொங்கும் பெயர்ப்பலகை மீதியைச் சொல்லிவிடும். இவ்வளவு தெரிந்த பிறகும் கேட்பதற்கு என்ன மிச்சமிருக்கும் என்று எண்ணாதீர்கள். குளிர்காலம் வரட்டும்.

பழைய குடியிருப்புகளில் வீடுகள் இரண்டு மாடி மட்டுமே கொண்டவை. நடுவே புல்வெளி, அதைச் சுற்றி நாற்புறமும் வீடுகள். விடுதலைக்குச் சற்று முன் 1940களில் எழுந்த லோதி காலனியும், விடுதலைக்குப் பிறகு எழுந்த பல குடியிருப்புகளும் சிற்சில மாறுதல்களோடு இந்த அமைப்பிலேயே இருந்தன. இன்று சரோஜினி நகர் என வழங்கும் பகுதியின் பழைய பெயர் வினய் நகர். வினயம் என்றால் பணிவு. அரசாங்க ஊழியருக்கு ஏற்ற குணம் என்று எண்ணி அந்தப் பெயரை வைத்தார்கள் போலும். மார்கழியிலும் தையிலும் டில்லியில் வீட்டுக்குள் கை விறைக்கும். பத்து மணிக்கு வெயில் ஏறியதும் மெத்தை, ரஜாய் எல்லாம் வெளியே வரும். பின்னாலேயே கயிற்றுக் கட்டில்களும் வரும். கட்டிலில் அமர்ந்து பட்டாணி உரிப்பார்கள், கீரை ஆய்வார்கள், கம்பளி பின்னுவார்கள். பட்டாணி உரிக்கும் கைக்கு வாய் துணை. யார் வீட்டு மெத்தை வெயிலுக்கு வரவில்லை, யார் வீட்டில் இரண்டு மெத்தைகள் தனித்தனியே வந்தன என்பவையும் அந்தச் சபையின் ஆராய்ச்சிக்குத் தப்புவதில்லை.

அங்கே கேட்கப்படும் கேள்விகளுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், என்ன சமையல், தம்பிக்கு ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை, மாமனார் ஏன் உங்களோடு இல்லை என்று படிப்படியாக உள்ளறைக்கு வந்துவிடும். பஞ்சாபி மூதாட்டி ஒருவர் தெற்கேயிருந்து வந்த பெண்ணைப் பார்த்து, "பேட்டீ, இன்றைக்கு என்ன செய்தாய்?" என்று கேட்டால், சமையலைப் பற்றித்தான் கேட்கிறார் என்பது அவளுக்குப் புரியவே சில நாள் பிடிக்கும். அது உண்மையில் கேள்வியே அன்று. நம் கிராமங்களில் எதிரே வருபவரைப் பார்த்து "எங்கே, இவ்வளவு தூரம்?" என்று கேட்பதுபோல அதுவும் ஒரு முகமன். விடையை எதிர்பாராமல் கேட்கும் கேள்விகளும் இருக்கின்றன. விடைக்காகவே கேட்கும் கேள்விகளும் இருக்கின்றன. இரண்டையும் பிரித்தறியாதவர்கள் அயலார் எல்லாரையும் ஒற்றர் என்று எண்ணி மனம் புழுங்குவார்கள்.

மொழிபெயர்ப்பு என் தொழில். எட்டிப் பார்ப்பதற்கு இந்தியில் தாக்-ஜாங்க் என்று ஓர் இணைச்சொல் உண்டு. குறி வைத்துப் பார்ப்பதும் இடுக்கு வழியே பார்ப்பதும் அதில் சேர்ந்தே இருக்கின்றன. ஆனால் எட்டிப் பார்க்கப்படாமல் இருக்கும் நிலைக்குச் சொல் தேடுவதுதான் கடினம். ஆங்கிலத்தில் பிரைவசி என்று சொல்லிவிடுகிறார்கள். அந்தரங்கம் என்றால் ஏதோ இரகசியம் இருப்பதுபோல் தொனிக்கிறது. தனிமை என்றால் துணையின்மை. மறைவு என்றால் ஒளிவு. தனியுரிமை என்பது சட்டப் புத்தகத்துக்கு ஏற்ற நல்ல சொல். ஆனால் வாசற்படியில் நின்றுகொண்டு, "என் தனியுரிமையில் தலையிடாதீர்" என்று நாம் யாரிடமும் சொல்லுவதில்லை. "அது உங்களுக்கு எதற்கு?" என்போம், அதையும் மனத்துக்குள்தான் சொல்லிக்கொள்வோம்.

2017ஆம் ஆண்டு ஆகஸ்ட் 24ஆம் நாள் உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கூடி, தனியுரிமை ஒவ்வொருவருக்கும் உரிய அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். பழைய ஜன்னல் வழக்குகளோடு ஒப்பிட்டால் இது பெரிய மாற்றம். வீட்டுக்கு என்றிருந்த உரிமை, வீட்டுக்குள் இருக்கும் ஒவ்வோர் ஆளுக்கும் வந்து சேர்ந்தது. எனினும் அந்தத் தீர்ப்பு முதன்மையாக அரசாங்கத்துக்கும் குடிமக்களுக்கும் இடையே வரம்பு வகுப்பது. பெண்களை மறைந்திருந்து பார்ப்பதும் படம் பிடிப்பதும் 2013ஆம் ஆண்டுத் திருத்தத்தால் தண்டனைக்குரிய குற்றமாயின. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அது குற்றமே. ஆக, தீய எண்ணத்தோடு பார்ப்பவனுக்குச் சட்டம் இருக்கிறது. அன்போடு வந்து கேட்பவர்களை என்ன செய்வது? அவர்களுக்கு எந்தப் பிரிவும் இல்லை.

எனக்குத் தெரிந்த இளம் தம்பதியர் ஒரு குடியிருப்பில் கீழ்த்தளத்தில் வாழ்ந்தார்கள். மணமாகி ஆறு ஆண்டுகள். "குஷ்கபரி ஏதேனும் உண்டா?" என்று கேட்காத வாய் அந்தப் புல்வெளியில் இல்லை. குஷ்கபரி என்றால் மகிழ்ச்சியான செய்தி; எந்தச் செய்தி என்று விளக்க வேண்டியதில்லை. அந்தப் பெண் புன்னகை செய்துகொண்டே கடந்துவிடுவாள். அதுவரை பெருங்கேடு ஒன்றும் நேரவில்லை. ஒரு நாள் எதிர்வீட்டு அம்மையார் தனியே வந்து அமர்ந்து, தலையை வருடிக்கொடுத்து, உள்ளன்போடு கேட்டார். அவளும் மனம் இளகி, இரண்டு முறை கருவுற்றுக் கலைந்துபோனதைச் சொல்லிவிட்டாள். அம்மையார் அழுதார், அது பாசாங்கன்று. ஒரு வாரத்துக்குள் மேல்வீட்டிலிருந்து ஒரு வைத்தியரின் முகவரி வந்தது. பக்கத்து வீட்டிலிருந்து ஒரு விரதத்தின் விவரம் வந்தது. மூன்றாம் வீட்டிலிருந்து யாரோ ஒரு சாமியாரின் திருநீறு வந்தது. பேருந்து நிறுத்தத்தில் முன்பின் தெரியாத ஒருத்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "கவலைப்படாதே, மூன்றாவது தங்கும்" என்று ஆறுதல் சொன்னாள். அன்று மாலை கணவர் வீட்டு மாற்றத்துக்கு விண்ணப்பம் எழுதினார். காரணம் கேட்டிருந்த இடத்தில், குழாயில் தண்ணீர் சரியாக வருவதில்லை என்று எழுதினார். வேறென்ன எழுத முடியும்?

இந்த நிகழ்ச்சியை நான் பல முறை எண்ணிப் பார்த்ததுண்டு. கேட்டது தவறா? துன்பத்தில் இருப்பவளை ஒருவரும் ஒன்றும் கேட்காமல் இருந்திருந்தால் அது நாகரிகமாகுமா? எதிர்வீட்டு அம்மையார் கேட்டதை நான் குறை கூறமாட்டேன். கேட்டதைத் தம்மோடு வைத்துக்கொள்ளாததே குறை. நம்மிடம் ஒருவர் ஒரு நகையைக் கொடுத்து வைத்தால், அதை நாலு பேருக்குக் காட்டிப் பெருமை கொள்வோமா? செய்தியை மட்டும் அவ்வாறு எண்ணுவதில்லை. வரம்பு என்பது ஜன்னலில் இருக்கிறது என்று நீதிமன்றங்கள் எண்ணின. என் எண்ணத்தில் அது கேட்பவருடைய உதட்டில் இருக்கிறது.

அயலாருக்குத் தெரிந்த செய்தி எத்தகைய பொருள் என்பதை டில்லி நகரம் மிகக் கொடிய முறையில் அறிந்துகொண்ட நாட்கள் உண்டு. 1984 நவம்பர் தொடக்கத்தில் சீக்கிய மக்கள் கொலையுண்டபோது, கும்பல்கள் வாக்காளர் பட்டியலையும் ரேஷன் பட்டியலையும் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாக வந்தார்கள் என்று அக்காலத்து உண்மையறியும் குழுவினரின் அறிக்கையிலும் பின்னர் நடந்த விசாரணைகளிலும் பதிவாகியிருக்கிறது. எந்தக் கதவுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்ற செய்தி, உயிரைப் பறிக்கும் கருவியாயிற்று. அதே நாட்களில், அதே தெருக்களில், அயல் வீட்டார் பலர் சீக்கியக் குடும்பங்களைத் தம் உள்ளறையில் ஒளித்துவைத்தார்கள். வாசலில் வந்து நின்று, "அவர்கள் ஊரில் இல்லை" என்று சொன்னார்கள். பிள்ளைகள் எத்தனை, முதியவர் எந்த அறையில் படுத்திருக்கிறார், பின்கதவு எங்கே திறக்கும் என்பனவெல்லாம் முன்பே தெரிந்திருந்ததால்தான் விரைந்து காப்பாற்ற முடிந்தது. ஒன்றும் தெரியாத அயலார் யாரையும் காட்டிக்கொடுத்திருக்க முடியாது, காப்பாற்றியிருக்கவும் முடியாது. இதை எண்ணும்போதெல்லாம், யாரும் யாரையும் அறியாத குடியிருப்பே நிம்மதியானது என்று சொல்லுகிறவர்களோடு என்னால் ஒத்துப்போக முடிவதில்லை.

பழைய ஊர்களில் இதற்கென்றே ஏற்பாடுகள் இருந்தன. 2017இல் யுனெஸ்கோவின் உலக மரபிடப் பட்டியலில் இடம்பெற்ற ஆமதாபாத்தின் பழைய நகரத்தில் போள் என்ற குடியிருப்புகள் உண்டு. குறுகிய சந்துகள், ஒட்டி ஒட்டி மரவேலைப்பாடு மிக்க வீடுகள், நுழைவாயிலில் பெருங்கதவு. இரவில் அதை அடைத்துவிடுவார்கள். வீட்டு முன்புறத்தில் ஓட்லோ என்னும் திண்ணை. உள்ளே திறந்த முற்றம். திண்ணையில் யார் வேண்டுமானாலும் அமரலாம்; முற்றத்துக்கு அழைத்தால்தான் போகலாம். புதியவர் ஒருவர் சந்துக்குள் நுழைந்தால் பத்துக் கண்கள் அவரைத் தொடரும். அதற்குக் காவல் என்று பெயர். அங்கே வாழும் மருமகளுக்கு அதுவே வேறு விதமாகப் பட்டிருக்கும் என்பதும் உண்மை. மும்பையின் சால்களில் இந்த வசதியும் இல்லை. ஒற்றை அறை, அதற்கு முன்னால் எல்லாருக்கும் பொதுவான நீண்ட நடை, பொதுக் குழாய், பொதுக் கழிப்பிடம். கதவைப் பகலில் சாத்தினால் காற்று வராது. ஆகவே கதவு திறந்தே இருக்கும், குறுக்கே ஒரு துணித்திரை தொங்கும். பத்தடி அறையில் பத்துப் பேர் வாழ்ந்த இடங்களில் அந்தத் துணித்திரையே மதிற்சுவர். மராத்தியில் பு. ல. தேஷ்பாண்டே 1958இல் எழுதிய 'படாட்யாசீ சாள்' அத்தகைய ஒரு கட்டிடத்து மக்களைப் பற்றிய நகைச்சுவை நூல். ஒருவர் காரியத்தில் மற்றவர் தலையிடுவதை விலக்கிவிட்டால் அந்த உலகமே இயங்காது.

இப்போது டில்லியில் அந்தப் புல்வெளிகள் குறைந்துகொண்டே வருகின்றன. சரோஜினி நகர், நேதாஜி நகர், நௌரோஜி நகர் முதலிய ஏழு குடியிருப்புகளைத் திருத்தியமைக்க 2016 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. சுமார் 13,000 பழைய வீடுகள் இருந்த இடத்தில் 25,000க்கு மேற்பட்ட புது வீடுகள் என்பது திட்டம். பழைய இரண்டு மாடி வீடுகள் இடிபட்டு வானளாவும் அடுக்குகள் எழுந்திருக்கின்றன. புது வீடுகள் வசதியானவை. கூரை ஒழுகுவதில்லை, மின்தூக்கி இருக்கிறது. அதை மறுப்பது நியாயமன்று. ஆனால் பதினோராம் மாடியில் இருப்பவர் வெயில் காயக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு கீழே வருவதில்லை. மின்தூக்கியில் ஏறியவர்கள் எண்களைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

எட்டிப் பார்க்கும் பழக்கம் இதனால் ஒழிந்துவிட்டதா என்றால், இல்லை. கண்ணுக்குப் பதிலாகக் காமிரா வந்திருக்கிறது. தம் வாசலுக்குக் காவலாக ஒருவர் வைக்கும் காமிரா, எதிர்வீட்டுக் கதவையும் சேர்த்தே விழுங்குகிறது. யார் எப்போது வந்தார், எத்தனை நாழிகை இருந்தார், கையில் என்ன கொண்டுபோனார் என்பதெல்லாம் அதில் தங்குகிறது. ஒரே வீட்டில் சேர்ந்து குடியிருப்பவர்களுள் ஒருவர், மற்றவர் இசைவின்றி அவர் வாழும் பகுதியில் காமிராவை இயக்கலாகாது என்று கல்கத்தா உயர்நீதிமன்றம் 2025இல் தீர்ப்பளித்தது. உச்சநீதிமன்றமும் அதில் தலையிட மறுத்துவிட்டது. 1888இன் ஜன்னல் மறுபடியும் நீதிமன்றம் ஏறியிருக்கிறது என்றே எனக்குத் தோன்றியது. நுழைவாயிலில் காவலாளியின் கையில் ஒரு பதிவேடு. குடியிருப்போரின் வாட்ஸ்அப் குழுவில் நாள் முழுவதும் செய்திகள். முன்பு புல்வெளியில் பேசியது காற்றோடு போயிற்று. இப்போது எழுதியது நிற்கிறது. வேண்டாதவர் கைக்கும் போகிறது.

இந்தக் கண்காணிப்பில் மிகுதியும் அகப்படுகிறவர்கள் நம் வீடுகளில் வேலை செய்யும் பெண்கள். ஒரு வீட்டுச் செய்தியை மற்றொரு வீட்டுக்குச் சுமந்து செல்கிறவர்கள் என்ற பழி அவர்களுக்கு எப்போதும் உண்டு. "அந்த வீட்டில் என்ன சத்தம்?" என்று தேநீர் கொடுத்துக் கேட்பவர் யார் என்பதை எவரும் எண்ணுவதில்லை. வாயிலில் அட்டை காட்டுவதும், வெளியேறும்போது பையைத் திறந்து காட்டுவதும் அவர்களே. நம் வீட்டு வரம்பைப் பற்றி வருந்துகிற நாம், அவர்கள் பையின் வரம்பைப் பற்றி ஒரு நாளும் பேசுவதில்லை.

மிகையாகக் கேட்கும் அயலாரிடம் எப்படி நடந்துகொள்வது? நான் கண்ட நல்ல வழி ஒன்றைச் சொல்லுகிறேன். இந்தியில் "பஸ், சல் ரஹா ஹை" என்பார்கள். "ஏதோ ஓடிக்கொண்டிருக்கிறது" என்று தமிழில் சொல்லலாம். ஆனால் அதன் நயம் முழுவதும் வராது. வேலை எப்படி, மாமியார் உடம்பு எப்படி, பையனின் தேர்வு என்னவாயிற்று என்ற எல்லாக் கேள்விகளுக்கும் அந்த ஒரே விடை பொருந்தும். அது பொய்யன்று, உண்மை எதையும் கொடுத்துவிடவும் இல்லை. கேட்டவரும் அவமதிக்கப்பட்டதாக எண்ணமாட்டார். மரக்கதவைச் சாத்தாமல் ஜாலிக் கதவை மட்டும் சாத்துவது போன்றது அந்த விடை. அதற்கு மேலும் ஒருவர் தொடர்ந்தால், அவர் வீட்டுச் செய்தியைக் கேட்டுவிடுவது நல்லது. தம்மைப் பற்றிப் பேசுவதில் பெரும்பாலாருக்கு உள்ள ஆசை, பிறரைப் பற்றி அறிவதில் உள்ள ஆசையைவிடச் சற்று அதிகம்.

கடுமையாகப் பேசியே தீர வேண்டிய இடங்களும் உண்டு. நம் வீட்டுப் பெண்ணின் வருகை, போக்குவரத்தைக் கணக்கெடுப்பவரிடமும், தனியே வாடகைக்கு இருக்கும் பெண்ணின் விருந்தினரைப் பற்றி வீட்டுக்காரருக்குச் செய்தி கொண்டுபோகிறவரிடமும் புன்னகை பயன்படாது. அங்கே நேராக, குரலை உயர்த்தாமல், "இதை நீங்கள் பேச வேண்டாம்" என்று சொல்லிவிட வேண்டும். ஒரு முறை சொன்னால் ஒரு மாதம் முகம் கொடுக்கமாட்டார்கள். பிறகு சர்க்கரை கேட்க வருவார்கள்.

மாறாக, அயல் வீட்டிலிருந்து அடியும் அலறலும் கேட்கும் போது, அது அவர்கள் வீட்டு விஷயம் என்று ஜன்னலைச் சாத்திக்கொள்வதை நான் நாகரிகம் என்று ஒப்பமாட்டேன். வீட்டு வன்முறையைத் தடுக்க இயற்றிய 2005ஆம் ஆண்டுச் சட்டம், பாதிக்கப்பட்டவளே வந்து சொல்ல வேண்டும் என்று காத்திருக்கவில்லை. நடந்தது என நம்பக் காரணம் உள்ள எவரும் பாதுகாப்பு அலுவலரிடம் தெரிவிக்கலாம். நல்லெண்ணத்தோடு தெரிவித்தவர்மீது வழக்கில்லை என்று அதன் 4ஆம் பிரிவு சொல்லுகிறது. அயலாரின் காது சில வேளைகளில் ஒருத்தியின் கடைசித் துணை என்பதைச் சட்டம் இயற்றியவர்கள் அறிந்திருந்தார்கள்.

மே மாதம் பிறந்து பள்ளிகள் மூடியதும், டில்லித் தமிழர் வீடுகளில் பெட்டி கட்டும் ஓசை கேட்கும். தமிழ்நாடு எக்ஸ்பிரஸுக்கோ கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸுக்கோ இடம் கிடைத்துவிட்டால் மூன்று வாரம் வீடு பூட்டிக் கிடக்கும். புறப்படும் நாளன்று சாவி ஒன்றை அயல் வீட்டில் கொடுத்துவிட்டுப் போவது வழக்கம். துளசிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். தபாலை எடுத்து வைக்க வேண்டும். புழுதிக் காற்று அடித்தால் ஜன்னலைச் சாத்த வேண்டும். சாவியை யாரிடம் கொடுப்பது என்று ஒவ்வொரு வீட்டிலும் ஆலோசனை நடக்கும். யார் வழிக்கும் போகாத, ஒரு வார்த்தை அதிகம் பேசாத மேல்வீட்டுக் கனவானிடம் கொடுத்ததாக நான் கேட்டதில்லை. "எந்த வண்டி? என்ன ஊர்? எத்தனை நாள்? போகும் காரணம் என்ன? மாமனாரிடம் போகிறீர்களா, அப்பா வீட்டுக்கா?" என்று குடைந்து குடைந்து கேட்பாரே, அந்த அம்மையார் வீட்டு ஆணியில்தான் நாலைந்து வீட்டுச் சாவிகள் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருக்கும்.